தண்ணியத்தான் எடுத்தேன்

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. சொன்ன சொல் கேட்காதவள், வாய்க்காரி, இவளைக் கட்டிக்கொண்டவன் பாவம். நான் இதை மறுப்பதே இல்லை. கல்யாண வீடுகளில் பெரியம்மா புது மருமகள்களுக்கு என்னைக் காட்டும்போதே, "இவதான் படகுக்குக் கண்ணு வச்சவ" என்றுதான் ஆரம்பிப்பாள். நானும் "ஆமா, நாந்தான்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான் எடுத்த ஒரே ஒரு படத்தால் வந்த பேர் அது. யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

தருவைகுளத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அறிவியல் டீச்சர் ஒரு போட்டி வைத்தார். அவரவர் ஊரில், தண்ணீருக்குள் தெரிகிற இயற்கையைப் படம் பிடித்து வர வேண்டும். மாதிரிக்கு ஒரு காலண்டரைத் தூக்கிக் காட்டினார். ஒரு பனிமலை, அதற்குக் கீழே ஏரி, ஏரிக்குள்ளே தலைகீழாக இன்னொரு பனிமலை. என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "நம்ம ஊர்ல உப்பு மலைதான் டீச்சர் உண்டு" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, "அதையே எடுத்துட்டு வா, யாரு வேண்டாங்கா?" என்றார்.

கேமரா எனக்குக் கிடைத்தது மாமாவால். மணப்பாட்டிலிருக்கும் அம்மாவின் தம்பி. கப்பலில் வேலை. லீவில் வந்தவர் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளி நிறக் கேமரா கொண்டுவந்திருந்தார். நான் அழுது, சோறு வேண்டாம் என்று கிடந்து, கடைசியில் அவர் லீவு முடியும் வரைக்கும் என்று வாங்கிவிட்டேன். அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது நான் எதிரே வந்த யாருக்கும் வழி விடவில்லை.

உப்பளத்துக்குப் போனேன். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆனால் வானமும் வெள்ளை, உப்புக் குவியலும் வெள்ளை, தண்ணீரும் வெள்ளை. படத்தைப் பார்த்த மாமா, வேட்டியை ஏன் எடுத்திருக்கிறாய் என்று கேட்டார். கொக்கு ஒன்று ஓடையில் நின்றது. நான் பொத்தானை அமுக்கி, கேமரா நிதானமாக யோசித்துப் படம் எடுப்பதற்குள் கொக்கு வேறு ஊருக்குப் போய்விட்டது. பனைமரம் தெரியும் குளத்தில் எருமைகள் இறங்கிவிட்டன. போட்டிக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கையில் படம் எதுவும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் படகு ஞாபகம் வந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து புதுப் படகு கட்டியிருந்தார்கள். கரையில் கொட்டகை போட்டு, படகு கட்டும் ஓடாவியும் அவருடைய ஆட்களும் மாசக்கணக்கில் வேலை பார்த்தார்கள். அத்தனை நாளும் காலையும் சாயங்காலமும் அவர்களுக்குத் தேயிலை போட்டுத் தூக்குவாளியில் கொண்டுபோனது அம்மா. ஆனால் கொட்டகைக்குள் அவள் போகக் கூடாது. வெளியே ஒரு கம்பு நட்டிருக்கும். அதன் அடியில் தூக்குவாளியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிட வேண்டும். ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகும். காலி வாளி திரும்பி வரும் வரைக்கும் அம்மா அங்கேயே நின்று படகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பலகை பலகையாக அது உருவானதை எங்கள் வீட்டில் தினமும் பார்த்தவள் அவள்தான். அப்பாவும் பெரியப்பாவும் பாதி நாள் கடலில் இருப்பார்கள்.

சட்டம் பெரியப்பாவுடையது. மாதா கோவில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் வரைக்கும் பொம்பளை யாரும் படகைத் தொடக் கூடாது. முதல் தடவை மீனோடு கரை திரும்பும் வரைக்கும் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. எடுத்தால் கண் பட்டுவிடும். கோவிலில் எந்தச் சாமியாரும் இப்படி ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் சாமியார் சொல்லை மீறினால் அவரிடமே பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து தப்பித்துக்கொள்ளலாம், பெரியப்பா சொல்லை மீறினால் தப்பிக்க வழியில்லை.

படகின் முகப்பில் மாதா படம் வரைந்திருந்தார்கள். நீல முக்காடும் கூப்பிய கையுமாக மாதா அவ்வளவு அழகு. படகுக்குப் பேரும் மாதா பேர்தான். நான் அம்மாவிடம், "மாதாவும் பொம்பளதானம்மா? அவ மட்டும் எப்பிடி ஏறிட்டா?" என்று கேட்டேன். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன்.

மந்திரிப்பு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே படகைக் கரையோரம் இழுத்து வந்து, கடல் ஏறும்போது மிதக்கத் தோதாக நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் கடல் வற்றிக் கிடந்தது. படகுக்கு முன்னால் மட்டும் நீளமாக ஒரு குட்டை தேங்கி நின்றது. காற்று இன்னும் எழும்பவில்லை. ஆட்கள் பசியாறப் போயிருந்தார்கள். நான் குட்டையின் இந்தப் பக்கம் போய் நின்று குனிந்து பார்த்தேன். ஐயோ, எப்படிச் சொல்வேன்? மேகம், பறந்து போன ஒரு கடல்காக்கை, பச்சைப் படகு, நீல மாதா எல்லாம் தண்ணீருக்குள்ளே ஒரு சொட்டு கலங்காமல் இருந்தன. காலண்டர் பனிமலையெல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

படகைப் படம் எடுக்கக் கூடாது. சரி, எடுக்க மாட்டேன். ஈர மணலில் வயிறு பட நீட்டிப் படுத்து, கேமராவைத் தாழ்த்தித் தாழ்த்திப் படகு படத்துக்கு வெளியே போகிற வரைக்கும் கொண்டுபோனேன். இப்போது கேமராவுக்குள் இருந்தது வெறும் தண்ணீர். தண்ணீரை எடுக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லவில்லையே! அந்த யோசனை வந்ததும் எனக்கு என்னையே மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மாவின் குரல். என்னைத் தேடி வந்திருக்கிறாள். "ஏளா, நல்ல பாவாடையோட அங்கன படுத்துக்கிட்டு என்ன செய்யுத?" என்றாள். நான் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அசையாதம்மா! கால வச்சிராத, தண்ணி கலங்கிரும்! அங்கனயே நில்லு!" என்று கத்தினேன். பெற்ற தாயை அப்படி ஒரு அதட்டல். அம்மா என்ன நினைத்தாளோ, சத்தமே இல்லை. படகின் பக்கம் எங்கேயோ நின்றிருக்க வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். மறுபடியும் அமுக்குவதற்குள் காற்று எழும்பி, குட்டை முழுக்கச் சுருக்கம் விழுந்துவிட்டது. ஒரே படம்தான். போதும் என்று எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வந்தேன். அம்மா அன்றைக்கு ஏனோ திட்டவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் கரைக்கு வந்தார். படகு முழுக்கத் தோரணம், கலர் கலராகக் கொடி. அத்தனையும் பெரியப்பா தன் கையாலேயே கட்டியது. வேறு யாரையும் கிட்டே விடவில்லை. சாமியார் தீர்த்தம் தெளித்தார். வெடி போட்டார்கள். பெண்கள் கூட்டம் தள்ளி நின்று பாட்டுப் பாடியது. நான் பாடவில்லை. என் வயசுச் சோட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கேமராவின் குட்டித் திரையில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். "படகை எடுக்கல, தண்ணிய எடுத்தேன்" என்று ஒவ்வொருத்தியிடமும் பெருமையாகச் சொன்னேன். ஒரு பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள்.

படகு கிளம்பியது. கரையே கை தட்டியது. கொஞ்ச தூரம் போயிருக்கும். இன்ஜின் இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. தட்டிய கைகள் அப்படியே நின்றன. பெரியப்பா படகின் முனையில் நின்று கையை ஆட்டுவதும் அப்பா பின்னால் குனிவதும் தெரிந்தது. கடைசியில் வேறொரு படகு போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தது. புதுப் படகு, மந்திரித்த கையோடு, ஊர் பார்க்க, கன்றுக்குட்டி மாதிரி இழுபட்டு வந்தது. பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அந்தப் பாவம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அவர் வீட்டுக்கு வருவதற்குள் பத்துப் பிள்ளைகளின் பத்துத் தாய்மாரும் சேதி சொல்லி முடித்திருந்தார்கள்.

முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே என்னை நிறுத்தினார். பெரியம்மா ஒரு பக்கம். அப்பா சுவரோடு சுவராக. அப்பாவுக்கு அண்ணன் முன்னால் வாய் எழும்பாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்று சொல்வார்கள். பெரியப்பா கையை நீட்டினார். கேமராவைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் படம் பதிகிற கார்டு இல்லை. அவர் தெருவில் திரும்பும்போதே கழற்றிக் கன்னத்துக்குள் அடக்கிவிட்டேன்.

"கார்டு எங்கட்டீ?"

நான் தோளைக் குலுக்கினேன். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

"அழிச்சிரு. இப்பவே அழிச்சிரு. அந்தப் படம் இருக்குற வரைக்கும் படகு உருப்படாது."

கார்டை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு, "நான் படக எடுக்கல பெரியப்பா. தண்ணியத்தான் எடுத்தேன்" என்றேன். கொழகொழவென்று வந்தது. பெரியப்பா ஒரு நிமிஷம் திகைத்துவிட்டார். தண்ணீரைப் படம் எடுத்தால் கண் படுமா படாதா என்று அவருக்கே தெரியவில்லை. திகைப்புதான் கோபமாக மாறியது. ஏலே என்று அப்பாவைப் பார்த்து, பிள்ளை வளர்த்த லட்சணமா இது என்று கேட்டார். "குடுத்துருளா" என்றார் அப்பா, தரையைப் பார்த்து. மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அழுகை முட்டியது, ஆனாலும் கொடுக்க மாட்டேன். என் படம் அது. ஊரே வந்து நின்றாலும், அடித்தாலும், கொன்றாலும் கொடுக்க மாட்டேன். பெரியப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கையை ஓங்கினார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கை நிறைய மீன் செதில். எனக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவர் முன்னால் அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே கிடையாது.

"அந்தப் பிள்ள தண்ணியத்தான் எடுத்துச்சு. படகத் தொட்டது நான்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அம்மாவே மறுபடியும் சொன்னாள், அவசரமில்லாமல். "நேத்துக் காலைல தொட்டேன். மந்திரிக்கிறதுக்கு முந்தி. கேக்கணும்னா என்னயக் கேளுங்க. பிள்ளையோட படத்த யாரும் அழிக்கக் கூடாது."

பெரியம்மா "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தாள். ஓங்கிய கை இறங்கியது. பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "ஏலே, உம் பொண்டாட்டி சொல்லுதது கேக்கா?" என்றார். அப்பா முதல் தடவையாகத் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். "கேக்குண்ணே" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆத்திரமாக இருந்தது. தனியாக நின்று எதிர்த்துக்கொண்டிருந்தவள் நான். இன்னும் இரண்டு நிமிஷம் விட்டிருந்தால் நானே ஜெயித்திருப்பேன். நடுவில் வந்து இல்லாத பொய்யைச் சொல்லி அம்மா என் சண்டையைப் பிடுங்கிக்கொண்டாள். அடுப்படிக்குப் பின்னாலேயே போய், "எதுக்கும்மா பொய் சொன்ன? நானே சமாளிச்சிருப்பேன்லா?" என்று கேட்டேன். அம்மா மீனை அலசிக்கொண்டே, "மொதல்ல வாயில இருக்குற அந்தக் கருமத்த எடு, முழுங்கிராத" என்றாள். பொய்யா இல்லையா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. மறுநாள் ஆள் முங்கிப் பார்த்தபோது அடியிலிருந்த விசிறியில் தோரணக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பா தன் கையால் கட்டிய தோரணம். அவிழ்ந்து தண்ணீரில் விழுந்து சுற்றியிருக்கிறது. கயிற்றை அறுத்துப் போட்டதும் படகு சிங்கமாகக் கிளம்பிவிட்டது. நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் பெரியப்பா, அந்தக் கயிற்றை அவிழ வைத்ததே கை பட்ட தோஷம்தான் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? சாமியாரை மறுபடியும் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்தார்கள். அன்றைக்கு அம்மா கரைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வருஷக் கோவில் திருவிழா வரைக்கும் பெரியப்பா அம்மா கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். அம்மா குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள், முகத்தில் ஒன்றும் இருக்காது.

எனக்கு மனசு உறுத்தியது. எனக்காகத்தானே பொய் சொன்னாள்? நரகத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது? அடுத்த சனிக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, "சாமி, எங்க அம்மா எனக்காக ஒரு பொய் சொல்லிட்டா, மன்னிச்சிருங்க" என்றேன். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பிறகு சாமியார், உன் பாவத்தை மட்டும் சொல்லு என்றார். என்னுடையது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பிரிண்ட் போட அம்மாதான் கூட்டிப் போனாள். தூத்துக்குடியில் ஒரு ஸ்டூடியோ. சாத்தான்குளத்துப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் வைத்திருந்தார். படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, பிரமாதமா இருக்கே என்றார். எனக்கு மாதாவின் முகத்தைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. "ஓரத்துல யாரோ நிக்காவ போல. நெழலாத் தெரியுது. வெட்டிருவமா?" என்று கேட்டார். போட்டி இயற்கைக்குத்தானே, நிழல் எதற்கு? "வெட்டுங்க அண்ணாச்சி" என்றேன். அம்மா என் பக்கத்தில் நின்று அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்ததும் கார்டை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

போட்டியில் ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். படகு இயற்கையில் சேராது என்றார்களாம். அதுகூடப் பரவாயில்லை. என் படத்தைச் சுவரில் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள், படகு நேராகத் தெரியட்டும் என்று. நான் பெஞ்சு மேல் ஏறிப் பிய்த்து, தண்ணீரில் இருந்தபடியே திருப்பி ஒட்டினேன். டீச்சர் திருப்பினார். நானும் திருப்பினேன். கடைசியில் வகுப்புக்கு வெளியே நின்றேன், டம்ளரோடு.

இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தூத்துக்குடியிலேயே குடியிருக்கிறோம். போன மாதம் அம்மா அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஜெபமாலை டப்பாவுக்குள் இருந்த அந்தக் கார்டை எடுத்து, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தாள். அந்தக் கால கார்டு எதிலும் நுழையாது. தேடிப் பிடித்து ஒரு கருவி வாங்கி லாப்டாப்பில் போட்டேன். வெட்டாத படம் வந்தது.

ஓரத்தில் நிழல் இல்லை. அம்மா. சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகி, மாதாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கை நீண்டு, விரல் அத்தனையும் விரிந்து, படகின் மேல் அழுந்தப் பதிந்திருக்கிறது. தெரியாமல் பட்ட கை இல்லை அது. நான் அசையாதே என்று அதட்டிய நேரத்தில், ஆள் அரவமில்லாத அந்தக் கரையில், அவள் வைத்த கை. நான் பெரிய வீராங்கனை மாதிரி கன்னத்துக்குள் அடக்கி வைத்திருந்தது இதைத்தான். அழித்திருந்தால் அவளுக்கு எதிரான சாட்சியே இருந்திருக்காது. அவள் அழிக்க விடவில்லை.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினேன், தலைகீழாக. டீச்சரிடம் அத்தனை சண்டை போட்டவள்தான், என்ன செய்ய? அப்படி மாட்டினால்தான் அம்மா நேராக நிற்கிறாள்.

நேற்று அம்மா வந்தாள், பை நிறைய மீனோடு. உள்ளே வந்தவள் படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான், "பொய்யின்னுல்லா நெனச்சேன்? சாமியார்ட்டயே போய்ச் சொல்லிட்டேனம்மா" என்றேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ரெண்டு கையும்லா வச்சேன்" என்றாள். "உனக்கு ஒண்ணுதான் விழுந்திருக்கு." எங்கள் குடும்பத்தில் வாய்க்காரி யார் என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

அன்றைக்கு முற்றத்தில் அவள் எனக்காகப் பேசினாள் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் தனக்காகப் பேசினாள். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தெரியவில்லை.